ஆறாம் எண் தொகுதியும் அக்காவின் வார்டும்

1. லீவு

"இந்த ஒரு தொகுதிய முடிச்சிட்டுப் போப்பா. நான் என்ன உன்னப் புடிச்சா வச்சிருக்கேன்?" என்றார் எங்கள் மேனேஜர் மனோகர் சார்.

பிடித்துத்தான் வைத்திருந்தார். துபாயில் எங்கள் ஆபீஸ் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மேப்பும் சார்ட்டும் போட்டுக் கொடுக்கும். அப்போது கையில் இருந்தது அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்தை ஒட்டிய புறநகர்த் தொகுதி. நம் ஊர் எம்.பி. தொகுதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கிடையாது, ஆறு என்று நம்பர் மட்டும்தான். அதன் தேர்தல் வரலாறு முழுவதையும் ஒரே சார்ட்டில் கொண்டுவர வேண்டும்.

ஊரில் என் வசந்தி அக்கா நகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றிருந்தாள். சென்னைக்கு வெளியே, ஒரு மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் வரும் தெரு எங்களுடையது. வடிகால் கேட்டு மனு கொடுத்து அலுத்துப்போய், கடைசியில் அவளே வேட்பாளர் ஆகிவிட்டாள். அவள் கணவர், எங்கள் மாமா, சவூதியில் ஜுபைலில் வேலை பார்க்கிறார். பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நேரம் என்று அவருக்கு லீவு மாஃபி, அதாவது கிடையாது. மிச்சம் நான் ஒருவன்தான். இங்கிருந்தபடி ஓட்டுப் போட நமக்கு வழியில்லை, நேரில்தான் போயாக வேண்டும்.

2. நம்பர் ஒண்ணுதானே?

முதல் சார்ட்டைப் பார்த்ததும் சார் துள்ளிக் குதித்தார். ஒரே கட்சி விடாமல் ஜெயித்துவந்த தொகுதி, ஒரு தேர்தலில் திடீரென்று அடுத்த கட்சிக்குப் போயிருந்தது. 'மக்கள் மனம் மாறிய தேர்தல்' என்று அவரே தலைப்பும் வைத்துவிட்டார்.

"சார், மக்கள் மாறல. எல்லை மாறிச்சு. அங்க சென்சஸ் எடுத்ததும் தொகுதிய மறுபடி வரைவாங்க. ஊருக்கு மேற்க இருந்த ஆறாம் நம்பரத் தூக்கித் தெற்க போட்டுட்டாங்க."

"நம்பர் ஒண்ணுதானே?"

"நம்பர் ஒண்ணுதான் சார். இடம் வேற."

"நம்பர் ஒண்ணுன்னா தொகுதியும் ஒண்ணுதானப்பா. யல்லா, சீக்கிரம் அனுப்பி விடு."

அப்படியே அனுப்பியிருந்தால் அன்றைக்கே லீவு கிடைத்திருக்கும். ஆனால் அந்த மேற்குப் பக்கத்து ஜனங்கள் போடாத ஓட்டை அவர்கள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. பழைய எல்லைக்குள் இருந்த ஊர்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு ஊரின் ரிசல்ட்டையும் தேடிச் சேர்த்தேன். அங்கே திடீர்த் தாவல் எதுவும் இல்லை. தோட்டங்கள் போய் அபார்ட்மென்ட் வர வர, ஓட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் தினமும் அக்காவின் போன். "டிக்கெட் போட்டுட்டியாடா?" என்பாள். "நாளைக்குப் போட்டுடுறேன்க்கா" என்பேன்.

கடைசியில் பழைய மேப்பையும் புது மேப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து சாரிடம் காட்டினேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு தெருகூட இல்லை.

குனிந்து பார்த்தார். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. நல்ல வேளை, அடுத்த மூச்சிலேயே, "சரி சரி, போய் ஓட்டுப் போட்டுட்டு வா" என்று லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

3. எதிர் வரிசை

ஓட்டுப்பதிவு அன்று பூத்தில் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க பேர் இங்க இல்லைங்களே. வார்டு பிரிச்சு மாத்தியாச்சு. உங்க வரிசை வீடெல்லாம் இப்ப பக்கத்து வார்டு" என்றார் அலுவலர்.

அக்கா வீடு அதே தெருவில் எதிர் வரிசை. அமெரிக்காக்காரன் எல்லையை எல்லாம் கரைத்துக் குடித்தவனுக்குத் தன் வாசல் எல்லை தெரியவில்லை. பக்கத்து வார்டு பூத்துக்குப் போய், முன்பின் தெரியாத யாருக்கோ ஓட்டைக் குத்திவிட்டு நேராக அக்காவிடம் போனேன்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்டா."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல? அந்த மனுஷன்கிட்ட நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவளே தொடர்ந்தாள்.

"ஓட்டு வந்தா வருது, வராட்டிப் போவுது. எண்ணுற எடத்துக்கு அவனவன் கூட்டமா வருவான். நான் மட்டும் தனியா உக்காந்திருக்கணுமா?"

அதட்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

ஓட்டு எண்ணும் நாளில், எண்ணி முடியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தோற்றுவிட்டாள். "வாடா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்" என்று எழுந்தாள்.

துபாய் திரும்பிய அன்று மனோகர் சார் ஆசையாகக் கேட்டார். "அக்கா ஜெயிச்சாங்களா?"

"இல்ல சார். அவளுக்கு ஓட்டே போட முடியல. வார்டு எல்லைய மாத்திட்டாங்க."

"வார்டு நம்பரையுமா மாத்திட்டாங்க?"

"இல்ல சார், நம்பர் அதேதான்."

"நம்பர் ஒண்ணுதானே, அப்புறம் என்னப்பா?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்பரைப் பார்க்கும் முன் எல்லையைப் பாருங்கள். அப்புறம், லீவு கேட்கும்போது 'ஓட்டுப் போட' என்று எழுதாதீர்கள். 'அக்காவுடன் உட்கார' என்றே எழுதுங்கள்.