நாக்கு அவளுடையது

இறாலைச் சட்டியில் போட்டதும் டிரைவிங் மாஸ்டர் அதனோடு பேச ஆரம்பித்துவிடுவார். “பதறாத, பதறாத. ஆங், இப்ப மெதுவா திரும்பு.” வாரம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாய் சும்மா இருக்குமா? மனைவி அடுப்பைக் கொஞ்சம் கூட்டினால் போதும், அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றிய ஒருவர் இவரிடம் கார் பழக வந்தார். கடைசிவரை அவருக்கு ரிவர்ஸ் எடுக்கவே வரவில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கரீபியன் தீவுகளில் இறால் சமைக்கும் பக்குவத்தைப் புட்டுப் புட்டு வைத்துவிட்டார். அன்னாசி, பாதி பழுத்த மாங்காய், இஞ்சி, பழுப்புச் சர்க்கரை, எலுமிச்சை, கூடவே குட்டையாக, குண்டாக ஒரு மிளகாய். “பாக்கத்தான் பொம்மை மாதிரி இருக்கும். கடிச்சா சொந்தப் பேரே மறந்துடும்” என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்வார். “பழக்கடையில மீன்கூடை கவுந்த மாதிரி இருக்கு” என்பார் மனைவியின் தம்பி. ஆனாலும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் சாப்பிட வரத் தவறியதில்லை.

சமைக்கும்போது மாஸ்டர் ஒரு சொட்டுகூட வாயில் விட்டுப் பார்க்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். “கை என்னோடது, நாக்கு அவளோடது” என்பார். கரண்டியை நீட்டுவார். அவள் உள்ளங்கையில் ஒரு துளி வாங்கி நக்கிவிட்டு, “என்னங்க இது, ஜாம் காய்ச்சறீங்களா?” என்பாள். உடனே எலுமிச்சை விழும். சண்டையும் சமையலும் ஒன்றாக முடியும்.

மழைக்காலத்தில் அவளுக்கு வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. “திரும்ப வரலாம், எப்பன்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டர். அன்று முதல் எதைக் கொடுத்தாலும், “நல்லா இருக்குங்க.” உப்பில்லாவிட்டாலும் நல்லா இருக்கு, தீய்ந்தாலும் நல்லா இருக்கு. அந்த நல்ல வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் கையிலெடுத்த எலுமிச்சையைத் திரும்ப வைத்துவிடுவார்.

ஆனாலும் கரண்டியை அவளிடம்தான் நீட்டினார். அவள் நன்றாக இருக்கிறது என்றால் அடுப்பை அணைத்துவிடுவார். விளைவு? ஒரு வாரம் மச்சான் குழாயடியில் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்பார். அடுத்த வாரம் இறால் சர்க்கரைப் பாகில் நீந்தும். “அப்பா, ஒரு தடவை நான் ருசி பாக்கறேனே” என்று மகள் கெஞ்சினாள்.

“ஒரு வண்டிய ஒருத்தர்தாம்மா ஓட்டணும்.”

ஆளுக்கொரு பிரேக் வைத்த காரில் பிழைப்பு நடத்துகிறவர் பேசுகிற பேச்சா இது? மகள் சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். இன்னொரு நாக்கைக் கூப்பிட்டால், மனைவியுடையது இனி திரும்ப வராது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மனிதர் பயந்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் கரண்டி நீண்டது. மனைவி உள்ளங்கையில் வாங்கி நக்கினாள். வழக்கமான பதில் வரவில்லை. மறுபடியும் உள்ளங்கையை நக்கினாள். புருவம் நெரிந்தது.

“என்னங்க இது! இவ்வளவு சர்க்கரைய யாரு கொட்டச் சொன்னா? எறும்புக்கா சமைக்கறீங்க? உப்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சா? இத்தனை நாளா இதையா எங்க எல்லாருக்கும் போட்டுட்டு இருந்தீங்க?”

அவள் நிறுத்துவதாக இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. மகளும் மச்சானும் மிளகாய் நெடியில் இருமிக்கொண்டிருக்க, மாஸ்டர் கையை நீட்டி ஃபேனை நிறுத்தினார்.