மீட்டர் மூடி

என் கணவருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டபோது பேச்சும் போய்விட்டது. பல வாரம் கழித்து அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல் என் பெயர் இல்லை, பிள்ளைகள் பெயரும் இல்லை. "மீட்டர் மூடி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அது அவருடைய காரின் மூடி. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அந்த மாடலைச் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. கொச்சியில் யாரிடமோ வாங்கிவந்து, போடிமெட்டு வளைவுகளில் எஸ்டேட் ஜீப்புகளுக்கு நடுவே உறுமிக்கொண்டு போவார். ஒரு மழைக்காலத்தில் மலைமேல் எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் நிறுத்தியிருந்தபோது சீட்டெல்லாம் பூசணம் பூத்துவிட்டது. ஏலக்காயை உலர்த்துகிற இடத்தில் காரை உலர்த்த முடியாதா என்று தோன்றியிருக்கிறது மனுஷனுக்கு. உலர்த்தும் அறைக்கு அடுப்பெரிக்கிற கொட்டகையில், சூடான சுவருக்கு முகம் காட்டிக் காரை நிறுத்தி, விடிய விடிய விறகு போடச் சொன்னார். காய் நிறம் மாறாமல் உலர எவ்வளவு சூடு வேண்டும் என்று அவரிடம்தான் அக்கம்பக்கத்து எஸ்டேட்காரர்கள் வந்து கேட்பார்கள். சீட்டு நன்றாகவே உலர்ந்தது. டேஷ்போர்டில் மீட்டர்களுக்கு மேலே வெயில் படாமல் கவிந்திருக்கும் கறுப்பு மூடிதான் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது.

ஃபைபரில் அதே மாதிரி செய்து தருகிறேன் என்று தேனியில் ஒரு பட்டறைக்காரர் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி சாமான்தான் வேண்டும். நன்றாக இருந்தவரைக்கும் அவரே தேடினார். படுத்த பிறகு அந்தச் சோலி என் தலையில் விழுந்தது.

"பேச்சு வந்துருச்சும்மா. ஆனா பேசிக்கிட்டே இருந்தாத்தான் நிக்கும். எப்படியாவது பேச வைங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச வைத்துப் பார்த்தேன். தன் வாய் குழறுவதை அடுத்தவர் கேட்பது அவருக்கு அவமானம். சிலமலையிலிருந்து என் அண்ணன் பார்க்க வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். மூடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாலு வார்த்தை வரும். அந்த நாலு வார்த்தையும் நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில்தான் தேடினேன். மற்றபடி அந்தக் காரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

போனில் படத்தை வைத்துக்கொண்டு மதுரை, திண்டுக்கல் என்று பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். "இது எந்தக் காரும்மா?" என்று கேட்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கடையில் டிராக்டர் மீட்டர் ஒன்றை எடுத்துவந்து, இதை வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கால் வீங்கிப்போய் பஸ்சில் உட்கார்ந்து திரும்பும்போது, இனிமேல் ஓட்டவே முடியாத மனுஷனுக்கு எதற்கு இந்த மூடி என்று அலுத்துக்கொள்வேன். அதை அவர் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியில் துப்புக் கொடுத்தது ஒரு ஜீப்புக்காரர்தான். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் டிரைவர்களுக்கு எந்த எஸ்டேட்டில் எந்த நாய் குட்டி போட்டது என்பது வரைக்கும் தெரியும். "மெட்டுக்கு அங்கிட்டு ஒரு மலையாளத்தார் வீட்டுல தார்ப்பாயி போட்டுக் கெடக்கு மதினி. அச்சு அசல் அண்ணே வண்டிதான். வெரசாப் போயிப் பாருங்க" என்றார்.

அடுத்த ஜீப்பிலேயே போனேன். மூடி புதுசு மாதிரி இருந்தது. வீட்டுக்காரருக்கு என் கணவர் வயசு இருக்கும். மனைவி இறந்து தனியாக இருந்தார். அவர் காரில் பெட்ரோல் மீட்டர் செத்துப்போயிருந்தது. எங்கள் காரில் அது நன்றாக இருக்கிறது.

"மீட்டர் தந்தா மூடி தராம், சேச்சி" என்று ஒத்துக்கொண்டவர் உடனே மறுத்துத் தலையை ஆட்டினார். "இல்ல, அது பற்றில்ல, முடியாது. மூடி போனா என்ற வண்டி மொட்டையாயிரும்."

வீட்டுக்குப் போன் போட்டு, இனி நீங்களாச்சு அவராச்சு என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனை அந்த மலையாளத்தார் கையில் கொடுத்துவிட்டேன்.

"மொத... மூடியக்... குடுங்க. பெறகு... பாப்போம்" என்று இவர் குழறுவது எனக்குக் கேட்டது. அந்த மனுஷர் தன் மலையாளத் தமிழில் ஏதோ சொன்னார். இவருக்குப் புரியவில்லை; திருப்பிச் சொல்லச் சொன்னார். அவருக்கும் இவர் பேச்சு புரியாமல் திருப்பிச் சொல்லச் சொன்னார். பாஷையினால்தான் புரியவில்லை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் போன் வரும். முதலில் மூடியும் மீட்டரும்தான். போகப் போக மழை, ஏலச்செடியில் அழுகல், அந்த மலையாளத்தாரின் மனைவி உயிரோடு இருந்தபோது வைத்த மீன் குழம்பு என்று பேச்சு எங்கெங்கோ போகும். முடிக்கும்போது மட்டும் தவறாமல் தர மாட்டேன், நானும் தர மாட்டேன் என்று முடியும். குழம்பில் உப்பில்லை என்று என்னிடம்கூட ஒருநாள் இவர் சண்டைக்கு வந்தார். எத்தனை மாசத்துக்குப் பிறகு!

போன மாதம் கோயம்புத்தூருக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தேன். பழக்கதோஷம், வழியில் ஒரு பழைய சாமான் கடைக்குள் நுழைந்துவிட்டேன். உடைந்த விளக்குகளுக்கு அடியில் அதே மூடி கிடந்தது. எடுத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, நெளிவு இல்லை, உள்பக்கம் கம்பெனி முத்திரை அப்படியே இருந்தது. இது வீட்டுக்கு வந்துவிட்டால் சாயங்காலம் அந்தப் போன் வருமா? வந்தாலும் வரலாம். இரண்டு பேரும் இப்போது சிநேகிதர்கள்தானே. ஆனால் வராமல் போய்விட்டால் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்த முதுகை என்னால் பார்க்க முடியாது.

"வேணுங்களா?" என்றார் கடைக்காரர்.

"இது இல்லீங்க" என்று கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் போனில் இருந்தார். பேச்சை நிறுத்தி, "அங்கிட்டாவது கெடச்சுச்சா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

அவர் முகத்தில் வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. "கேட்டீங்களா? கோயமுத்தூர்லயும் இல்லையாம். ஒலகத்துலயே இனி உங்க மூடி ஒண்ணுதான். அதுக்காக மீட்டரக் குடுத்துருவேன்னு மட்டும் நெனைக்காதீங்க, ஆமா" என்று போனில் கத்தினார். ஓர் இடத்தில்கூட அவருக்கு நாக்குப் புரளாமல் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.