நன்றியுரையில் ஒரு பெயர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஆரிஃபா பீவியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. அழுகின மாம்பழத்தை அடியில் வைத்துக் கட்டிய பழக்கடைக்காரர் வாங்கியிருக்கிறார். கிளினிக்கில் வரிசைக்கு நடுவே நுழைந்த போலீஸ்காரர் ஒருவரும் வாங்கியிருக்கிறார். கோபம் மூக்கு நுனியில் என்பார்களே, அவளுக்கு அது மூக்கைத் தாண்டி ஒரு சாண் முன்னால் நடந்து போகும். அதை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். புருஷன் மௌத்தாகி, துணிக்கடையைக் கொழுந்தன்மார் எடுத்துக்கொண்டபோது, அதே கடை வாசலில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து போ என்று சொல்ல ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை.

பிறந்தது பர்மாவில், பெகு பக்கம் ஓர் ஆற்றங்கரை ஊரில். இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி இங்கே வந்தவள். தமிழும் பர்மாப் பேச்சும் இரண்டும் வரும் என்பதால் ஐம்பது வயதுக்கு மேல் அவளுக்கு ஓர் ஆபீஸ் வேலை கிடைத்தது. அந்த ஆபீஸ் அதே கடைக்கு மேல்மாடியில்தான் இருந்தது. அன்புக்கரம் நிவாரணச் சங்கம் என்று போர்டு போட்டிருந்தார்கள்.

அந்த வேலை கிடைத்த கதை இது. பர்மாவில் வெள்ளம் வந்து ஊர் ஊராக முழுகிய வருஷம், சங்கம் போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஒரு கண்டெய்னர் அனுப்பியது. தண்ணீர் வடிகட்டுகிற ஃபில்டர், தார்ப்பாய், மருந்து. ஆரிஃபாவின் ஊர்ப்பக்கத்தில் தமிழ் ஆட்கள் இருக்கிற நாலு ஊருக்குப் போக வேண்டிய சாமான். போய் இறங்கியது அங்கே அரிசி மில் வைத்திருக்கிற ஒருவரின் படகுத்துறையில். அந்த வட்டாரத்தில் ராணுவம் ஒரு பக்கம், அதை எதிர்க்கிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் துப்பாக்கிக்காரக் கூட்டம் ஒன்றைச் சோறு போட்டு வளர்க்கிற இந்த மில்லுக்காரர். அவர் கூட்டத்துக்கு ஒரு மகனை எழுதிக் கொடுத்த வீட்டுக்கு ஒரு ஃபில்டர் கிடைத்தது. எழுதிக் கொடுக்காத வீடுகள் ஆற்றுத் தண்ணியைக் குடித்துக் கழிச்சலில் கிடந்தன.

செய்தி வந்த அன்றைக்கு ஆரிஃபா மாடிப்படி ஏறிப் போய் சங்கத் தலைவர் லட்சுமணனின் மேசைமுன் நின்றாள்.

“அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல யார் கை ஓங்கியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா boss?”

“நாம உதவி செய்றோம்லா அக்கா. அரசியல் பண்ணல.”

“சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும். பூசாரி யாருன்னே தெரியாம அனுப்பிட்டு, அரசியல் பண்ணலையாம். உங்க ஃபில்டரை வச்சு அந்தாளு பிள்ளை பிடிச்சிருக்கான்.”

லட்சுமணன் கெட்ட மனுஷர் இல்லை. மேடை என்றால் கொஞ்சம் உயிர், அவ்வளவுதான். அடுத்த மாதமே மாதவி என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார். ஒரு நாட்டில் அதிகாரம் யார் கையில், யாருக்கு யார் உறவு, உதவி போனால் யார் கொழுப்பார்கள் என்று முன்கூட்டியே அலசி எழுதுவதையே யூனிவர்சிட்டியில் படித்தவள். போன் பேசிக் கேட்டுச் சொல்ல ஆரிஃபாவை வைத்தார்கள்.

மாதவி எழுதி வைத்திருந்த முதல் கேள்வி, உங்கள் ஊரின் தலைமை யார்.

“இப்படிக் கேட்டா பயத்துல எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்வாங்க, போம்மா” என்று ஆரிஃபா அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கேட்ட கேள்வியே வேறு. சோதனைச் சாவடி ஆளுங்க யார் வீட்டுக் கல்யாணத்துல உட்கார்ந்து சாப்பிட்டாங்க? வெள்ளத்துல முதல் படகு யார் வாசலுக்குப் போச்சு? கோயில் திருவிழாவில போன வருஷம் முதல் மாலை வாங்கினவர் இந்த வருஷம் ஏன் வாங்கல? மாதவி வாயைப் பிளந்துகொண்டு எழுதினாள். நாலு வருஷம் படித்ததை இந்த அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தே படித்திருக்கிறாளே என்று அவளுக்கு.

நாலு ஊரிலும் உருப்படியாகப் பதில் சொன்னவர் ஒருவர்தான். பக்கிரிசாமி வாத்தியார். அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருபது பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். கோயில் தண்ணித்தொட்டி மேல் ஏறினால்தான் அவருக்கு சிக்னல் கிடைக்கும். நாலு மாசம், மழையோ வெயிலோ, ஏறி நின்று பேசினார். எந்த வீட்டில் யார் படுக்கையில், எந்த வீட்டில் மகனை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் படம் எடுத்து அனுப்பவில்லை. போனில் இருந்தால் சாவடியில் மாட்டும்.

“உங்க பேர் இந்த ஆபீஸ்ல ஒரு காகிதத்துலயும் வராது வாத்தியாரே. அல்லா மேல சத்தியம்” என்றாள் ஆரிஃபா.

“வந்தாத்தான் என்னக்கா” என்று அவர் சிரித்தார். அதற்கும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டார்.

அறிக்கை முடிந்தது. பேசியவர்கள் யார் பெயரும் அதில் இல்லை. அடுத்த கண்டெய்னர் மில் துறைப்பக்கமே போகக்கூடாது, மேலே இரண்டு மைல் தள்ளி கோயில் துறையில் இறங்க வேண்டும், ஊரில் இருக்கிற பட்டியல்படி பெண்கள் நாலு பேர் நின்று கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் இன்னொன்று: மில்லுக்காரரின் மச்சான் சிவபாலன் கிள்ளானில் பருப்பு மொத்த வியாபாரி, அவரை இந்த வேலைக்குப் பக்கத்தில் சேர்க்கக்கூடாது. கமிட்டி அத்தனைக்கும் தலையாட்டியது. ஆரிஃபா ஒரு வாரம் யாரையும் திட்டவில்லை. காய்ச்சலா என்று பழக்கடைக்காரர் விசாரித்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நம் ஆட்களுக்குத்தான் மேடை இல்லாமல் ஒரு காரியம் முடியாதே! அறிக்கையைப் புத்தகமாக்கி வெளியிட வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், நன்றியுரை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஹாலைப் பிடித்தார்கள். ஃபேஸ்புக்கில் லைவ் வேறு. ஆரிஃபா உள்ளே நுழைந்து பார்த்தால், முன்வரிசையில் நடு நாற்காலியில் சிவபாலன் உட்கார்ந்திருக்கிறார்.

லட்சுமணனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். “ஒன்பதாம் பக்கத்தைப் படிச்சீங்களா, இல்ல வடை மடிச்சுத் தின்னீங்களா?”

“மெதுவா பேசுங்கலா அக்கா. அரசியல் எல்லாம் அங்கதான். இங்க அவரு நல்ல மனுஷரு. இன்னிக்கு மண்டபம், சாப்பாடு எல்லாம் அவர் உபயம்.”

அங்கே அரசியல், இங்கே உபயம். ஆரிஃபாவுக்கு உச்சந்தலை சுட்டது. மாதவி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. லட்சுமணன் நன்றி சொல்ல ஆரம்பித்தார். தமிழ்க் கூட்டத்தில் பெயர் விட்டுப்போனால் ஜன்மப் பகை என்பதால் மைக் செட்டுக்காரர், பிரியாணி மாஸ்டர், பூக்கடை அக்கா என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியில் சிவபாலனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, “இந்த அறிக்கைக்கு உயிர் கொடுத்த வள்ளல்” என்றார். பிறகு, களப்பணி செய்த ஆரிஃபா அக்கா இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்.

அவள் மைக்கை வாங்கினாள். இரண்டு வார்த்தையோடு நிறுத்த அவளுக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

“உயிர் கொடுத்தது இவரு இல்ல. மைக் செட்டுக்கு நன்றி சொன்னீங்க, பிரியாணிக்கு நன்றி சொன்னீங்க. நாலு மாசம் தண்ணித்தொட்டி மேல மழையில நனைஞ்சு நின்னு பேசின மனுஷனுக்கு இந்த மண்டபத்துல நன்றி சொல்ல ஆளில்ல. கோயிலுக்குப் பின்னால பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாரே பக்கிரிசாமி வாத்தியார், அவருதான் உயிர் கொடுத்தது. அவருக்குத் தட்டுங்க கையை.”

மண்டபமே தட்டியது. ஆரிஃபா கூட்டத்தைப் பார்த்தாள். மாதவி மட்டும் தட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவபாலனும் நன்றாகத் தட்டினார். தட்டி முடித்துவிட்டு, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு போனை எடுத்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் கெட்டது. இவள் வாயால் கெட்டது வேறு ஆள்.

பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் கூப்பிட்டார்.

“லைவ்ல பார்த்தோம்க்கா. தொட்டி மேல ஏறி வீட்டோட பார்த்தோம். என் பேரை இதுவரைக்கும் ஒரு மேடையிலயும் யாரும் சொன்னதில்ல. சம்சாரம் அழுதுட்டா.” குரலைத் தாழ்த்தினார். “மில் வீட்லயும் பார்த்தாங்களாம். சாயங்காலம் வந்துட்டுப் போகச் சொல்லி ஆள் வந்திருக்கு. பாராட்டத்தான் கூப்பிடுறாரோ என்னவோ.”

சிரித்தார். அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது.

“கிளம்புங்க வாத்தியாரே. சாயங்காலம் வரைக்கும் இருக்காதீங்க. சம்சாரம், பிள்ளையைக் கூட்டிக்கிட்டு இப்பவே படகு ஏறுங்க.”

“நோட்டு இருக்கேக்கா. கண்டெய்னர் வந்தா யாரு கொடுக்கறது?”

“நோட்டைக் கிழிச்சு ஆத்துல போடுங்க. அது அவங்க கையில கிடைச்சா முந்நூறு வீடும் போச்சு.” சத்தம் போட்டுத்தான் சொன்னாள். வேறு மாதிரி சொல்ல அவளுக்கு வரவில்லை. “என்னைத் திட்டுங்க வாத்தியாரே. நல்லாத் திட்டிட்டுப் போங்க.”

அவர் திட்டவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

பதினோரு நாள் கழித்து தாய்லாந்து எல்லையிலிருந்து ஒரு வரி வந்தது. மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அந்த வாரமே கண்டெய்னர் பர்மாத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கோயில் துறையில் இறக்க ஆள் வரவில்லை. பட்டியலும் இல்லை. வாத்தியாருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு நாலு ஊரிலும் ஆரிஃபாவின் போனை எடுக்கவே ஆளில்லை. துறைமுகத்தில் சாமானை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? சிவபாலன் உதவிக்கு வந்தார். வேற வழி இல்லைலா என்று லட்சுமணன் கையெழுத்துப் போட்டார். சாமான் மில் துறையில் இறங்கியது. மறுபடியும் வீட்டுக்கு ஒரு மகன்.

மாதவி திருத்த அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். ஆரிஃபா பக்கத்தில் போய் உட்கார்ந்து, படித்துக்காட்டச் சொன்னாள்.

“எதிர்பாராத காரணத்தால் உள்ளூர்த் தொடர்பு அறுந்துபோனது” என்று மாதவி படித்தாள்.

“எதிர்பாராத காரணமா? அது உன் பக்கத்துல சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. பேரைப் போடு.”

உள்ளேயிருந்து லட்சுமணன் எட்டிப் பார்த்தார். “அறிக்கையில பேர் போடறது வழக்கம் இல்லைலா அக்கா.”

“வாத்தியார் பேரை நான் சொல்லும்போது எங்க போச்சு உங்க வழக்கம்? கைதட்டினீங்கல்ல? உங்க பேரும் வரும். ஒன்பதாம் பக்கத்தைத் தெரிஞ்சே தள்ளி வச்சீங்கன்னு வரும். முதல்ல என் பேர்.”

லட்சுமணன் கதவைச் சாத்திக்கொண்டார். மாதவி விரலை விசைப்பலகையில் வைத்தபடி அவளைப் பார்த்தாள்.

“ஆரிஃபா பீவி, பிரிக்ஃபீல்ட்ஸ்” என்றாள் ஆரிஃபா.

“காரணம்னு என்னக்கா எழுத?”

“வாத்தியார் பேரைக் கோபத்துல சொல்லிட்டாள்னு எழுது. சொல்லக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியும், அதையும் சேர்த்து எழுது.”

மாதவி எழுதினாள். ஆரிஃபா ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே இறங்கித் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அன்றைக்கு, அவள் திட்டட்டும் என்றே பழக்கடைக்காரர் அழுகின பழத்தையே மேலே வைத்துக் கட்டிக் கொடுத்தார். அவள் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள்.