திகதிக் கொப்பியில் திரேசா அக்காவின் பெயர்

செய்தி வந்தபோது ஸ்கான் மேசையில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். அடக்கச் சொன்னது நான். கைபேசியைப் பார்த்தேன். திரேசா அக்கா போய்விட்டார். ‘மூச்சை விடுங்கோ’ என்று சொல்லச் சற்றுப் பிந்தியது.

குருநகர்க்காரர். கடற்றொழில் குடும்பம். எங்கள் ஸ்கான் அறை வாசலில் பதினொரு வருடங்கள் திகதிக் கொப்பியோடு இருந்தவர். வைத்தியர் அல்லர், தாதி அல்லர். யாருக்கு எந்த நாள் என்று எழுதுவது அவர் வேலை. எழுதுமுன் எல்லோருடைய கண்ணையும் பார்ப்பார்.

“கீழ் இமையை இழுத்துக் காட்டுங்கோ ஐயா. நோ இருக்கோ?”

“நோ இல்லைப் பிள்ளை. உடம்புதான் கடிக்குது, சொறிஞ்சு முடியேல்லை.”

நோவில்லாத மஞ்சள் காமாலை என்றால் அந்தப் பெயர் மேலே ஏறும். சதையியின், அதாவது கணையத்தின், தலைப்பக்கத்தில் கட்டி வளர்ந்து பித்தக் குழாயை நெரித்தால் மஞ்சள் பலருக்கு அப்படித்தான் தொடங்கும். வெட்டி எடுக்க வழியிருப்பதும் அந்த நாட்களில்தான். “படம் முதல், குழாய் பிறகு,” என்று உறவினர்களிடம் சொல்லி அனுப்புவார். பித்தம் இறங்கக் குழாய் வைத்தபின் எடுக்கும் படம் கலங்கலாம்.

ஒருமுறை முதுகு நோவென்று வந்த ஒருவர் சத்தம் போட்டார். “எனக்குப் பிறகு வந்தவருக்கு நாளைக்கோ? உங்கடை சொந்தமோ?”

“ஓம், என்ரை மாமன். கண்ணைப் பாருங்கோ, தேசிப்பழம் மாதிரி. உங்கடை முதுகு அடுத்த கிழமையும் உங்களோடைதான் இருக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். சத்தம் போட்டவர் முறைப்பாடு எழுதினார். ஆள் பார்த்துத் திகதி கொடுக்கிறீர்களா என்று விளக்கம் கேட்டு மேலிடம் அக்காவுக்குக் கடிதம் கொடுத்தது. அதை அவர் கொப்பி அட்டைக்குள் செருகி வைத்தார்.

பிறகொரு நாள் அக்கா கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“நுளம்போ அக்கா?”

“ஓம் தம்பி, குருநகர் நுளம்பு. படிச்ச ஆக்களைக் கடியாது.”

முகக்கவசம். மூக்குக் கண்ணாடி. நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. எவரும் பார்க்கவில்லை. கண் பார்ப்பது அவர் வேலை.

தன் பெயரைக் கொப்பியின் கடைசி வரியில் எழுதியிருந்தார். ஐந்து கிழமை தள்ளி. அதற்குள் கடி தாங்காமல் வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். “முதலிலை மஞ்சளை இறக்குவம்,” என்றாராம் வைத்தியர். அக்கா ‘படம் முதல்’ என்று தொடங்கினாராம். “நீங்கள் டொக்டரோ?” என்று மறித்தாராம் அவர்.

குழாய் வைத்தார்கள். சதையி வீங்கியது. திகதி வந்ததும் நான்தான் படம் எடுத்தேன். கட்டி எது, வீக்கம் எது, பக்கத்து இரத்தக் குழாயைத் தொட்டுவிட்டதா? யாராலும் சொல்ல முடியவில்லை. வற்றும்வரை பொறுக்கச் சொன்னார்கள். வற்றியபின் எடுத்த படத்தில் ஈரலிலும் புள்ளிகள். இனி வெட்டுவதற்கில்லை.

“ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“கொப்பி என்ரை கையிலை. நான் முன்னுக்கு ஏறினா அந்தக் கடிதம் உண்மையாப் போயிடும்.”

நேர்மை என்று பாதிரியார் இறுதிப் பூசைப் பிரசங்கத்தில் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். நாங்கள் கொடுத்த ஒரு தாளுக்கு அவர் பயந்தார். அதற்குக் கையெழுத்திட்டவர் முன்வரிசையில் இருந்தார், மலர்வளையத்தோடு.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கொப்பி இப்போது என்னிடம். மஞ்சள் கண்கள் மேலே ஏறும். எனக்கும் ஒரு கடிதம் வரட்டும்.

பெட்டியை மூடுமுன் குனிந்து பார்த்தேன், அக்கா. கவசம் இல்லை, கண்ணாடி இல்லை. கண்களை யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

போய்வாருங்கள்.