வைப்பர் குழாயில் ஒரு விரிசல்

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த மறுவருஷமே என் புருஷனுக்கு நான் அலுத்துப்போய்விட்டேன். அப்படித்தான் நினைத்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. குழம்பில் உப்பு போதுமா என்றால் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். சுற்றிலும் உப்பளம், இந்தக் கேள்விக்குக்கூடவா பதில் இல்லை என்று மனசுக்குள் ஏசுவேன். மாதா கோயிலில் எல்லாரும் முழங்காலிட்ட பிறகு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் இவர் முழங்காலிடுவார். பூசையிலும் தூக்கமா என்று எனக்கு மானம் போகும்.

எங்கள் வீடு ஊரைவிட்டுத் தள்ளி, உப்புப் பாத்திகளை ஒட்டி இருந்தது. பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. உப்பு முதலாளியின் லாரியை எடுத்துக்கொண்டு இவர் திண்டிவனம் போய்விட்டால், நாள் முழுக்கக் காற்றோடுதான் பேச வேண்டும். மதியத்தில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வண்டிச் சத்தம் வருகிறதா என்று காத்திருப்பேன். அப்படிக் காத்திருந்து, வந்த மனுஷனும் பேசாவிட்டால் எப்படி இருக்கும்? பிறந்த வீட்டு ஏக்கம் வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மழைக்காலம் முடிந்த சமயம், இவர் கிணற்றடியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று, "ஏங்க, நான் முழுகாம இருக்கேங்க" என்று சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்ல வெட்கம். அவர் கையை உதறி, துண்டில் துடைத்து, என்னைத் தாண்டிப்போய் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச நாளில் கரு தங்காமல் போய்விட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. இருந்ததற்கே வாயைத் திறக்காதவரிடம் இல்லாமல் போனதை எதற்குச் சொல்ல வேண்டும்? வேறு யாரிடமும்கூடச் சொல்லவில்லை.

கோடையில், உப்பு வாரும் மும்முரத்தில், லாரி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பழைய பெட்ரோல் வண்டி. மேட்டில் ஏறினால் இருமும். ஆக்சிலரேட்டரை வெடுக்கென்று மிதித்தால் கார்ப்பரேட்டர் பக்கம் 'டப்'பென்று வெடிக்கும். நின்ற இடத்தில் உடம்பு முழுக்க நடுங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், வாசலிலேயே பானெட்டைத் திறந்தார். இந்த வேலைக்கு மட்டும் நான் வேண்டும். சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிக்க ஓர் ஆள் வேண்டுமே. அவர் விரலை உயர்த்தினால் மிதிக்க வேண்டும், கையை மூடினால் விட வேண்டும். அந்த நாட்களில் எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அதுதான்.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தன. "பெட்ரோல் பத்தல, காத்து ஜாஸ்தி" என்றார். என்னிடம் இல்லை, பிளக்கிடம். கார்ப்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஊதி மாட்டினார். வண்டி அப்படியேதான் இருமியது. மறுபடியும் பிரித்து மாட்டினார். காற்றைக் குறைக்கும் சோக்கை இழுக்கச் சொன்னார். இழுத்ததும் சமர்த்தாக ஓடியது, விட்டதும் பழைய நடுக்கம். ஜெட்டில் அடைப்பில்லை என்றால், எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று எனக்கே புரிந்தது.

அவர் ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறு நுனியை ஓடும் இன்ஜினின் ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துப் பார்த்தார். காற்றை உறிஞ்சும் இடத்தில் சத்தம் கேட்கும். நான் இறங்கிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவருக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் கேட்டது. காரம் தின்றவர்கள் பல்லிடுக்கில் காற்றை இழுப்பார்களே, அந்த 'ஸ்ஸ்ஸ்'. வெறும் காதுக்கே கேட்டது. அவர் கையிலிருந்த குழாயின் நுனி அந்த இடத்தைத் தொட்டது, கொஞ்சம் நின்றது, தாண்டிப் போய்விட்டது.

"ஏங்க" என்றேன். திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். இல்லை. "யோவ்" என்றேன், ஆத்திரத்தில். அதற்கும் இல்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அவர் பெயரைச் சொன்னேன். அதுதான் முதல் தடவை. அவர் பாட்டுக்குக் குழாயை நகர்த்திக்கொண்டிருந்தார்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி, சத்தம் வந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினேன். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் அந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜின் உறிஞ்சும் காற்றில்தான் ஓடும்; அதற்குப் போகும் ரப்பர் குழாய் அது. உப்புக் காற்றில் வெடித்து, அடிப்பக்கம் விரிந்திருந்தது. மழை விட்டதிலிருந்து வைப்பரை யார் தொட்டார்கள்? சத்தம் நின்றது. வண்டியின் நடுக்கமும் அடங்கியது. மட்கார்டில் ஊன்றியிருந்த கை வழியாக அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பினார். என் விரலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

தலையாட்டினேன். "உங்களுக்கு?"

என் வாயையே பார்த்தார். "மழைக்கு முன்னாடிலேருந்தே கேக்கல. காதுக்குள்ள ஒரே இரைச்சல். ஹாரன் கேக்காது, பின்னால வண்டி வருதான்னு கண்ணாடியிலதான் பாக்குறேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா வண்டிய புடுங்கிடுவாரு. உனக்குத் தெரிஞ்சா..."

மழைக்கு முன்னாலிருந்தே. நான் கிணற்றடியில் நின்றது மழைக்குப் பின்னால்.

பழைய சைக்கிள் டியூபை நறுக்கி, விரிசலைச் சுற்றி அவர் இறுக்கிக் கட்டும்வரை அப்படியே நின்றேன். அழுகை வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. அத்தனை மாதமும் அந்த வீட்டில் நான் மட்டும்தான் தனியாக இருந்ததாக நினைத்திருந்தேன். அவரும் இருந்திருக்கிறார்.

"சரியாயிடுச்சா? நீ கேட்டுச் சொல்லு" என்றார்.

"நல்லா ஓடுதுங்க" என்றேன், முகத்தைக் காட்டி.

வண்டியை அணைத்தார். இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிட வேண்டும் என்று, கிணற்றடியில் சொன்னதையே முதலில் சொன்னேன், மெதுவாக, அதே வார்த்தைகளில்.

"ஏங்க, நான் முழுகாம இருக்கேங்க."

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. "நெசமாவா?" என்று கேட்டு, கிரீஸ் கையோடு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்தார்.