பதினொன்றாம் நம்பருக்கு நெட் இல்லை

பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? இது தாராவியில், பட்டப்பகலில், ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைத்தால் மாரீஸ்வரியையே கேளுங்கள். இப்போது அந்தச் சந்துப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

ஷேக் பரீத்தின் எம்பிராய்டரி பட்டறையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவள் வேலை. புது டிசைன்கள் தைத்து முடியுமுன்பே அடுத்த தெருவில் தொங்கின. யாரோ நெட் வழியாக அனுப்புகிறார்கள். பட்டறையில் ஒரே பெண் அவள்தான்; புதிதாகச் சேர்ந்தவளும் அவள்தான். பழி உட்கார இடம் தேடினால் அங்கேதானே உட்காரும்?

"பாய், என் மேல சந்தேகம்னா என் கம்ப்யூட்டருக்கு நெட்டையே வெட்டி விட்ருங்க. பொறவும் வெளிய போச்சுன்னா யாருன்னு தெரிஞ்சிரும்லா?" என்றாள். திருட்டுப் பட்டத்தோடு வேலை போனால் தாராவியில் வேறெந்தப் பட்டறையும் அவளைச் சேர்க்காது.

நெட்வொர்க் பார்க்கும் செல்வம் வந்தான். பட்டறையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர். யாருக்கும் இல்லாமல் கிடந்த பதினொன்றை அவளுடையதற்குக் கொடுத்தான். ரவுட்டரில் அந்த நம்பருக்கு, அவன் வருவதற்கு முன்பே யாரோ தடை போட்டிருந்தார்கள்.

"வேல மிச்சம்," என்று சிரித்தான்.

வெள்ளி மதியம் ஒரு மணிக்கு ஆண்கள் ஜும்மா தொழுகைக்குப் போனார்கள். வழக்கம்போல ஷட்டரை இறக்கி வெளியே பூட்டு. வேலை நேரத்தில் அவள் போன் பரீத்தின் டிராயரில், அதற்கும் பூட்டு. உள்ளே மாரீஸ்வரியும் அவள் டிபன் டப்பாவும் மட்டும்.

1:20. டக்...

கீபோர்டு சத்தம். திரும்பினாள். திரையில் மெயில் திறந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

"பாய், ஷட்டரத் திறங்க."

மெயில் தானாகவே போகப் பார்த்தது. நெட் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

டக்... டக்... "வயர் எரியுது."

சுற்றிப் பார்த்தாள். எதுவும் எரியவில்லை. ஆனால் நாற்றம் வந்தது... ரப்பர் கருகும் நாற்றம்.

1:26. "ஒரே புகையா இருக்கு." நெட் இல்லை.

கேபிளைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. மெயினை அணைத்தாள். விளக்குகள் போயின. திரை மட்டும் போகவில்லை...

1:31. "கண்ணு தெரியல."

ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தாள்.

டக் டக் டக் டக்...

1:34. நின்றது.

திரும்பி வந்து பூட்டைத் திறந்த பரீத்தின் காலடியில் அவள் கிடந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் டிசைனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்வத்தை வரச்சொன்னார்.

"நீ எந்த நம்பரக் குடுத்த?"

"பதினொண்ணு, பாய்."

பரீத்துக்கு அந்த நம்பர் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த நம்பரில் இருந்தவள் சபுரா. அவள் மேலும் இதே சந்தேகம்தான். அவளுக்கு நெட்டை வெட்டச் சொன்னவர் பரீத். ஒரு ஜும்மா நேரத்தில், பூட்டிய ஷட்டருக்குள், வயர் கருகிய புகையில் மூச்சுமுட்டிச் செத்துப்போனாள். அவள் கம்ப்யூட்டரும் எரிந்து கரியானது. யாரையாவது கூப்பிட்டாளா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

"அந்தத் தடைய எடு," என்றார் பரீத்.

செல்வம் மெயினைப் போட்டு, கேபிளைச் செருகி, தடையை எடுத்தான்.

பரீத்தின் போன் அடித்தது. விடாமல் அடித்தது... பதினாலு மெயில். எல்லாம் சபுராவின் பெயரில். எல்லாவற்றிலும் மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமைத் தேதி.

கடைசி மெயில், மணி 1:34.

"பாய், அல்லா மேல சத்தியமா டிசைன நான் அனுப்பல."