மூக்குச் சொட்டும் கேட்காத கேள்வியும்

நாய் டாக்டர் வேலையில் மருந்து போடுவது எளிது; போடணுமா வேணாமா என்று சொல்வதுதான் உயிரை வாங்கும்.

அதிலும் கென்னல் காஃப் தடுப்பு மருந்து பெரும் தலைவலி. நாய்கள் கூட்டமாகத் தங்கும் இடங்களில் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும் வறட்டு இருமல் அது. வெறிநோய்த் தடுப்பூசியைப் போலக் கட்டாயம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் என்னோடு கூடவே வரும். அதனால் நாயைப் பற்றிக் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளை ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கோட்டுப் பையில் வைத்திருப்பேன். கேட்க வேண்டிய பதினோராவது கேள்வி ஒன்றும் இருந்தது. அது நாயைப் பற்றியது அல்ல என்பதால் எழுதவில்லை. அதனால் வண்டியூர்க்காரர் ஒருவரின் உயிருக்கே ஆபத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். என்னைப் போல ஒவ்வொரு பதிலுக்கும் வியர்க்கும் சக பாவப்பட்டவர்கள் யாராவது இருந்தால், இது அவர்களுக்காக.

தோப்புக்குள் ஒரு சிப்பிப்பாறை

மதுரையில் சிம்மக்கல் பக்கம் எங்கள் கிளினிக். சேர்ந்த புதிதில் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் சிப்பிப்பாறை நாயோடு வந்தார். வெறிநோய் ஊசி போட்டாயிற்று. கிளம்பும்போது, சென்னையில் இருக்கும் மருமகன் இருமலுக்கும் ஒன்று போடச் சொன்னார் என்றார். நோட்டை எடுத்தேன். நாய் வெளியே போகுமா? தோப்பைத் தாண்டாது. வேறு நாய்கள் வருமா? வந்தால் உயிரோடு திரும்பாது. எங்காவது விட்டுவிட்டு ஊருக்குப் போவீர்களா? தென்னையை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்.

அப்படியானால் இப்போதைக்கு இது தேவைப்படாது, வெறிநோய் ஊசியை மட்டும் வருடம் தவறாமல் போடுங்கள் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். "வேணாம்னு சொல்ற டாக்டர இப்பத்தான் தாயி பாக்குறேன். இன்னும் என்னென்ன வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

கோழி எலும்பு வழக்கு

பாத்திரக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் லாப்ரடார் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நாய் கழுத்தை நீட்டி, எதையோ கக்கப் போவதுபோல இருமிக்கொண்டே இருந்தது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது, குழம்பில் கிடந்ததை எடுத்துப் போட்டது இவள்தான் என்றார் அவர். மூன்று நாளாகப் பேச்சு வார்த்தை இல்லையாம்.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எலும்பு இல்லை. போன வாரம் இவர்கள் ராமேஸ்வரம் போனபோது நாயை விடுதியில் விட்டிருக்கிறார்கள். அங்கே பக்கத்துக் கூண்டு நாய் இருமியதாம். இது அந்த இருமல்தான், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், ஆனால் கூட்டத்தில் விடுவதாக இருந்தால் முன்கூட்டியே மருந்து போடுவது நல்லது என்று விளக்கினேன். அவர் தரையைப் பார்த்தார். அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். "டாக்டர், எலும்பு இல்லைன்னு மட்டும் ஒரு சீட்டுல பெருசா எழுதிக் குடுங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டணும்."

இடது பக்கம் வராத நாய்

வண்டியூரிலிருந்து அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா செல்வி, சத்துணவு மையத்தில் அமைப்பாளர். தம்பி குமரேசன், முன்பு ஆட்டோ ஓட்டியவர். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அவர்களுடைய நாட்டு நாய்க்குப் பெயர் சேட்டை. பெயருக்குச் சம்பந்தமே இல்லாத சாது. ஒன்றரை மாதம் கழித்து இருவரும் வெளியூர் போகிறார்கள், வர நாளாகும், சேட்டையை நாய் விடுதியில் விட வேண்டும், இருமல் மருந்து போட்ட அட்டை இல்லாமல் விடுதிக்காரர் சேர்க்க மாட்டார் என்றார்கள். கோயில் பயணம் என்று நானே நினைத்துக்கொண்டேன். பத்துக் கேள்வியும் கேட்டேன். பத்துக்கும் பதில் சரி.

இந்த மருந்து மூக்கில் விடுவது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு, தலையைப் பிடிக்கக் குமரேசனை மேசைக்கு இந்தப் பக்கம் வரச் சொன்னேன். வந்தார். தரையில் படுத்திருந்த சேட்டை எழுந்து சுற்றிப்போய் அவருடைய வலது பக்கம் நின்றது. அவரை மாறி நிற்கச் சொன்னேன். மறுபடி சுற்றி வலது பக்கம் போனது. மூன்றாவது தடவையும் அதேதான். ரிசப்ஷனில் இருக்கும் ரஜியா அக்கா நாய்களைத் தொட மாட்டார். ஆனால் வந்துபோகும் ஒவ்வொரு நாயின் குணமும் அவருக்கு மனப்பாடம். ரிஜிஸ்டரிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னார், முன்பு ஊசிக்கு வந்தபோதும் அது அவருடைய இடது கைப்பக்கம் நின்றதே இல்லை என்று. ஏன் என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். குமரேசன் இடது சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து, உள்ளே வண்டு ரீங்கரிப்பது போல அதிர்ந்துகொண்டிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்; அதற்காக அந்தக் கையில்தான் ரத்தக்குழாய்களை இணைத்திருக்கிறார்கள். வெளியூர் போவது கோயிலுக்கு அல்ல. அக்கா தன் கிட்னி ஒன்றைத் தம்பிக்குக் கொடுக்கப் போகிறார்.

சிரிஞ்சைக் கீழே வைத்தேன். மூக்கில் விடும் அந்த மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. நாய்க்கு அது நல்லது. ஆனால் சில வாரங்கள் அதன் மூக்கிலிருந்து அந்தக் கிருமி வெளியே வந்துகொண்டிருக்கும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அந்த நாட்களில் பக்கத்தில் இருக்கக் கூடாது. இவருக்கோ இப்போதே உடம்பு பலவீனம். புது கிட்னி வைத்த பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வேறு. அவருக்கு ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். ஆனால் காய்ச்சல் என்று ஒன்று வந்தால் ஆபரேஷன் தேதியே தள்ளிப் போகும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். செல்வி அக்காதான் என்னைச் சமாதானப்படுத்தினார். "நீங்க கேக்காதது இருக்கட்டும் டாக்டரம்மா. நாய் ஆஸ்பத்திரில வந்து மனுசன் வியாதிய யாராச்சும் சொல்லுவாகளா?"

ஐஸ் பெட்டி

உயிரில்லாத கிருமியை வைத்துச் செய்த ஊசியும் உண்டு. தோலுக்கடியில் போடுவது. அதனால் வீட்டு மனிதர்களுக்குப் பயமில்லை. ஆனால் சில வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும், அதுவும் ஆபரேஷனுக்கு முன் முடிய வேண்டும். நாள் கச்சிதமாக இருந்தது. மருந்து மதுரையில் இல்லை. கேட்ட கடையெல்லாம் கையை விரித்தது. கடைசியில் சென்னை விநியோகஸ்தர் ஒருவர் ஆம்னி பஸ்ஸில் ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்புவதாகச் சொன்னார். பஸ் தாமதமானால் ஐஸ் உருகும், ஐஸ் உருகினால் மருந்து கெடும் என்று பயந்து, விடியும்போதே மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுவிட்டேன்.

பெட்டி வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூ மார்க்கெட் பக்கம் ஆட்டோ தேடி நடந்தேன். மல்லிகை மூட்டையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்த ஒரு சுமைக்காரர், பூவா தாயி என்று கேட்டார். நாய்க்கு மருந்து என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்து, கிட்னி வரைக்கும் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பு நின்றது. பெட்டியை வாங்கித் தலையில் வைத்தார். ஆட்டோ வரை தலை அசையவில்லை. சீட்டில் இறக்கி வைத்துவிட்டு டிரைவரிடம் சொன்னார். "அண்ணே, பள்ளம் பாத்து ஓட்டுங்க. உள்ள ஒரு ஆளு படுத்திருக்காருன்னு வச்சுக்கங்க."

ஒரு போன்

இரண்டு ஊசியும் முடிந்தது. அட்டையில் கையெழுத்துப் போடும்போது செல்வி அக்காவிடம், ஊசி போட்டாலும் இருமல் வரவே வராது என்று என்னால் உறுதி தர முடியாது, வந்தால் லேசாக வரும் என்றேன். தன் ஆபரேஷனுக்கும் டாக்டர்கள் இதையேதான் சொன்னார்கள் என்றார். சேட்டை விடுதிக்குப் போனது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆபரேஷன் நாளில் நான் ஒரு பூனைக்குக் காது சுத்தம் செய்துகொண்டிருந்தேன். எத்தனை தடவை சுத்தம் செய்தேனோ, பூனைக்குத்தான் தெரியும். மறுநாள் மதியம் ரிசப்ஷன் போன் அடித்தது. ரஜியா அக்கா எடுத்துக் கேட்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அல்ஹம்துலில்லாஹ் என்றார். கட்டிலில் படுத்தபடியே செல்வி அக்கா பேசியிருக்கிறார். ஹாலில் நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்க, ரஜியா அக்கா அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் என்னிடம் சொன்னார். "டாக்டரம்மாகிட்ட சொல்லிருங்க, தம்பி நல்லா ஒன்னுக்குப் போறான்."

வலது பக்கம்

இரண்டு மாதம் கழித்துச் செல்வி அக்கா சேட்டையோடு வந்தார். முந்தின நாள்தான் விடுதியிலிருந்து அழைத்துவந்திருக்கிறார். அங்கே இரண்டு நாள் லேசாக இருமியதாம், அதோடு சரி. தம்பி இன்னும் கொஞ்ச நாள் மாடியில்தான் இருக்க வேண்டும், சேட்டை கீழே. மாடி ஜன்னலிலிருந்து அவர் கூப்பிட்டால் இது வாலை ஆட்டுகிறதாம்.

சேட்டையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. மேசையிலிருந்து இறக்கியதும் அது செல்வி அக்காவைச் சுற்றிப் போய் அவருடைய வலது பக்கம் நின்றது. அவர் நகர்ந்தார். மறுபடி சுற்றிப் போய் அதே பக்கம் நின்றது. வாசனையா, அவர் நடக்கும்போது தன்னை அறியாமல் ஒரு பக்கத்தைக் காத்துக்கொள்கிறாரா, காரணம் எனக்குத் தெரியாது. படித்த புத்தகத்திலும் இல்லை. எந்தப் பக்கத்துக் கிட்னியை எடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் சேட்டையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார். "இடது பக்கம்தான் டாக்டரம்மா. நேத்துல இருந்து இவன் அந்தப் பக்கமே வர மாட்டேங்குறான்."

இப்போது எங்கள் கிளினிக் அட்டையில் அந்தப் பத்துக் கேள்விகளோடு 'வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா' என்று பதினோராவது கேள்வியை அச்சடித்துவிட்டோம்; ஆனால் சேட்டையைப் போலக் கேட்காமலே தெரிந்துகொள்ள எங்களுக்கு இன்னும் படிப்புப் போதாது.